பாடகர் மேடையை விட்டு இறங்கிய பிறகு: ராக் கிட்டார் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கிட்டார் கலைஞர்களே,

பாடகர் மைக்கைத் தாங்கியில் செருகிவிட்டு இருட்டுக்குள் நடந்து போகிறார். வெளிச்சம் உங்கள் மேல் விழுகிறது. நீங்கள் இரண்டு அடி முன்னால் வந்து, உங்களை நோக்கித் திருப்பிய மானிட்டர் ஒலிபெருக்கியின் மேல் ஒரு காலை வைக்கிறீர்கள். அந்த நொடியில் கூட்டம் இரண்டாகப் பிரிவதை உங்களால் பார்க்க முடியாது. உங்கள் கண்ணுக்கு எதிரே விளக்கு. கூட்டத்துக்கு நடுவில் நிற்கும் எனக்குத் தெரியும். சிலர் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வருவார்கள். சிலர் திரும்பி, கழிப்பறைக்குப் போகும் வழியைத் தேடுவார்கள். இந்த இரண்டு சாராரும் தோளோடு தோள் இடித்துக்கொள்ளும் இடத்தில்தான் பெரும்பாலும் நான் நின்றிருக்கிறேன். அங்கிருந்து இதை எழுதுகிறேன்.

நீளமான கிட்டார் சோலோ, அதாவது குரல் ஒதுங்கிக் கிட்டார் முன்னால் வந்து வாசிக்கும் பகுதி, பற்றி ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் சொல்வார்: அதற்காகத்தானே வருகிறேன், பாட்டை வீட்டிலேயே கேட்கலாமே. அடுத்தவர் சொல்வார்: பாட்டுக் கேட்க வந்தேன், ஒருவர் விரல் பழகுவதைப் பார்க்க வரவில்லை. மூன்றாமவருக்கு ரெக்கார்டில் உள்ள சோலோ ஒரு ஸ்வரம் பிசகாமல் வர வேண்டும். அதைக் கூடவே வாயால் பாடுவார். நான்காமவருக்கு அதே சோலோ நேற்று வாசித்ததுபோல இன்று இருந்தால் ஏமாற்றம். இந்த நான்கு பேரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். ஒரே ஆள் நான்கு வேறு இரவுகளில் இந்த நான்கையும் சொல்வதும் உண்டு. நான் சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதத் தூண்டிய இரவைச் சொல்கிறேன். குழுவின் பெயர் வேண்டாம். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் கேட்டு வளர்ந்த குழு. கச்சேரி நன்றாகச் சூடு பிடித்திருந்தது. திடீரென்று எல்லோரும் இறங்கிப் போனார்கள். டிரம்மரும் போய்விட்டார். கிட்டார் கலைஞர் தனியாக 14 நிமிடம் வாசித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்; பார்க்கத் தோன்றியதே என்னை வருத்தியது. விரல் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாலாவது நிமிடத்தில் கேட்டது ஒன்பதாவது நிமிடத்திலும் வந்தது, பன்னிரண்டாவதிலும் வந்தது. அரைத்த மாவு. என் பக்கத்தில் அதுவரை ஒவ்வொரு வரியையும் கூடவே பாடிக்கொண்டிருந்த பெண் தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் டிரம்மர் திரும்பி வந்து ஒரு அடி அடித்ததும் அரங்கமே கத்தியது. அந்தச் சத்தம் குழு திரும்பி வந்ததற்கு எழுந்தது. அவர் அதைத் தன் வாசிப்புக்கு எழுந்தது என்று எடுத்துக்கொண்டு நெஞ்சில் கை வைத்து வணங்கினார்.

அந்த வணக்கம் இன்றும் எனக்குள் உறுத்துகிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் சத்தம் அவருக்குத் தப்பான செய்தியைக் கொண்டுபோயிற்று. அடுத்த ஊரில் அவர் 15 நிமிடம் வாசித்திருப்பார். கைதட்டலுக்கு ஒரே மொழிதான் இருக்கிறது, அதில் எல்லாமே 'ஆமாம்' என்றுதான் கேட்கும். ஆகவே எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு இரவு, இன்னொரு குழு. பாட்டின் நடுவிலிருந்தே சோலோ கிளம்பியது. யாரும் மேடையை விட்டுப் போகவில்லை. 20 நிமிடத்துக்குக் குறையாது. அன்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. ஓரிடத்தில் அவர் பாட்டோடு ஒட்டாத ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினார். ஆம்ப் என்ற ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பி நின்று, அதன் ஓசையே தந்தியை மறுபடி அதிரவைக்கும் ஃபீட்பேக்கில் அதை அணையாமல் காத்தார். கேட்க அசௌகரியமாக இருந்தது. எப்போது இறக்குவார் என்று காத்திருந்தோம். அவர் இறக்கவில்லை. பேஸ் என்ற கனத்த ஓசைக் கிட்டார் வாசித்தவர் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு அடியில் இருந்த ஸ்வரத்தை மாற்றினார். மேலே எதுவும் அசையவில்லை. ஆனால் ஒட்டாமல் நின்ற அந்த ஸ்வரம் சட்டென்று ஒட்டிக்கொண்டது. பெரும் கூட்டம் ஒன்றாக மூச்சு விட்டதை நான் கேட்டேன். இசைக் கோட்பாடு படிக்காதவர்கள்தான் அங்கே அதிகம். எல்லோருக்கும் புரிந்தது.

இந்த இரண்டு இரவுக்கும் இடையில் உள்ளதுதான் நான் சொல்ல வந்தது. நீளமான சோலோவை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதைத் தனியாக வாசிக்காதீர்கள், முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு வாசிக்காதீர்கள்.

நீளம் எங்கிருந்து வந்தது என்பதை உங்களில் இளையவர்களுக்கு நினைவுபடுத்த ஆசை. லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் 'ஃப்ரீ பேர்ட்' 1973-இல் வெளியான ரெக்கார்டில் 9 நிமிடம் ஓடுகிறது; அதன் பின்பாதி முழுக்கக் கிட்டார். அந்தக் கடைசிப் பகுதி முதலில் பாட்டில் இல்லை. சிறிய கிளப்புகளில் ஒரே இரவில் பல முறை மேடையேறிக்கொண்டிருந்த நாட்களில், பாடகர் ரானி வான் ஸேன்ட் தன் தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும், பாட்டின் கடைசியில் ஏதாவது வாசியுங்கள் என்று கேட்டதில் அது பிறந்ததாகக் கிட்டார் கலைஞர் கேரி ராசிங்டன் சொல்லியிருக்கிறார். ஒரு நண்பனின் தொண்டைக்காக வாசிக்கத் தொடங்கியது. பிறகு உலகத்தில் எந்த மேடையில் யார் நின்றாலும் கூட்டத்திலிருந்து ஒருவர் அந்தப் பாட்டின் பெயரைக் கத்துகிற அளவுக்கு ஆயிற்று. அதைக் கேட்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்த சோலோவை வாசித்த ஆலன் காலின்ஸின் விரல் வேகம் மட்டுமல்ல. பின்னால் ஓயாமல் ஓடும் அந்த மூன்று கார்டும் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்), படிப்படியாக ஏறும் டிரம்ஸும்தான் அவரைத் தூக்கிப் பிடிக்கின்றன. அதை அகற்றிவிட்டு அவர் வாசித்ததை மட்டும் கேளுங்கள், பாதிகூட மிஞ்சாது.

ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் 'விப்பிங் போஸ்ட்' இன்னும் தெளிவான சாட்சி. 1969 ரெக்கார்டில் 5 நிமிடம் சொச்சம். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவானது 23 நிமிடம். பாட்டு தொடங்கும் முன் கூட்டத்திலிருந்து ஒரு குரல் அதன் பெயரைக் கத்துவதும், சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று குழுவின் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் பதில் சொல்வதும் அந்தப் பதிவிலேயே இருக்கிறது. அந்தக் குரல் யாருடையது என்று யோசித்ததுண்டு. அவர் அந்த 23 நிமிடமும் அங்கேயே நின்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் அதில் மொத்தக் குழுவும் ஒன்றாக இறங்குகிறது, ஒன்றாக ஏறுகிறது. ஓரிடத்தில் தாளமே கரைந்துபோய், அடுத்து எங்கே போவது என்று ஆறு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தை மறைக்காமல் ரெக்கார்டில் விட்டுவைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் டுவேன் 24 வயதில் விபத்தில் இறந்துபோனார். அந்தத் தயக்கம் நமக்கு மிச்சமாக இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1968-இல் க்ரீம் குழு உச்சத்தில் இருந்தது. மூன்றே பேர், ஒவ்வொருவரும் அசகாய சூரர். அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன் இதழில் ஜான் லேண்டாவ் ஒரு கச்சேரி விமர்சனம் எழுதினார். குழுவின் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ப்ளூஸ் இசையின் தேய்ந்துபோன பிடிகளில் தேர்ந்தவர் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது, சொன்னது உண்மை என்று தனக்கு உறைத்ததாகக் கிளாப்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவ்வாண்டு நவம்பரில் அந்தக் குழு கடைசிக் கச்சேரியை முடித்தது. ஒரு விமர்சனத்தால் மட்டும் குழு உடையாது. அவர்களுக்குள் வேறு சண்டைகள் இருந்தன. ஆனால் அத்தனை ஆயிரம் பேர் கைதட்டியபோது கேட்காத ஒன்றை ஒருவர் எழுத்தில் சொன்னதும் அவருக்குக் கேட்டது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே குழுவின் அதே ஆண்டுக் கச்சேரிப் பதிவில் 'ஸ்பூன்ஃபுல்' கிட்டத்தட்ட 17 நிமிடம், 'கிராஸ்ரோட்ஸ்' 4 நிமிடம் சொச்சம். தலைமுறை தலைமுறையாகக் கிட்டார் பழகுகிறவர்கள் உட்கார்ந்து எடுத்து வாசிப்பது எது என்று உங்களுக்கே தெரியும். நீங்களும் அந்த 4 நிமிடப் பாட்டைத்தான் எடுத்திருப்பீர்கள்.

பிறகு பங்க் வந்தது: குட்டிக் குட்டியான, வேகமான ராக் பாட்டுகள். 1976-இல் ராமோன்ஸ் முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகளை 29 நிமிடத்தில் முடித்தார்கள். சோலோவுக்கு அங்கே இடமே இல்லை. நீளமான வாசிப்பின் மேல் இருந்த அலுப்பு ஒரு இயக்கமாகவே எழுந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அதே நியூயார்க்கில், ராமோன்ஸ் வாசித்த அதே சிபிஜிபி கிளப்பிலிருந்து கிளம்பிய டெலிவிஷன் குழு மறு ஆண்டே ஏறத்தாழ 10 நிமிடம் ஓடும் 'மார்கீ மூன்' பாட்டை வெளியிட்டது. அதன் நடுவில் டாம் வெர்லேன் வாசிக்கும் சோலோ மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். வேகம் காட்டுவது அவருடைய நோக்கமே இல்லை. இரண்டு குழுவுக்கும் கூட்டம் இருந்தது. ஒரே ஆட்கள் இரண்டையும் கேட்டார்கள். ஆகவே ரசிகர்களுக்குப் பொறுமை இல்லை என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள்.

பொறுமை இல்லை என்று முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2003-இல் மெட்டாலிக்கா 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தை ஒரு சோலோகூட இல்லாமல் வெளியிட்டது. கிர்க் ஹேமட் போன்ற ஒரு கிட்டார் கலைஞர் குழுவில் இருக்கும்போது. அந்தக் காலத்தில் ஹெவி மெட்டல் குழுக்கள் பலவும் சோலோவைப் பழைய சட்டைபோலக் கழற்றிப் போட்டிருந்தன. ரசிகர்கள் பொங்கினார்கள். என் நண்பர் ஒருவர், கச்சேரிகளில் சோலோ வரும்போதெல்லாம் வெளியே போகிறவர், அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு 'ஏதோ ஒரு அறையைப் பூட்டி வைத்ததுபோல இருக்கிறது' என்றார். 2008-இல் 'டெத் மேக்னடிக்' வந்தபோது சோலோக்கள் திரும்பி வந்தன. வெளியே போகிறவர்களுக்கும் அந்த அறை திறந்திருக்க வேண்டும்.

இனி தனியாக வாசிப்பதைப் பற்றி. யாருமில்லாத மேடையில் ஒருவர் மட்டும் வாசிக்கும் பகுதிதான் ரசிகர்களை அதிகமாகப் பிரிக்கிறது. அதற்கு முன்மாதிரியாக எல்லோரும் காட்டுவது எடி வான் ஹேலனின் 'இரப்ஷன்'. 1978-இல் வந்தது. அது எவ்வளவு நேரம்? 1 நிமிடம் 42 விநாடி. மேடைக்காக அவர் ஸ்டுடியோவில் பழகிக்கொண்டிருந்ததை ஒலிப்பதிவாளர் பிடித்துவைத்தது. அந்த இரண்டு நிமிடத்துக்குள் அத்தனை பேருடைய வாசிப்பையும் மாற்றிவிட்டது. பின்னாளில் மேடைகளில் அவரே அதைப் பத்து நிமிடத்துக்கும் மேல் நீட்டி வாசித்தார். அவர் கையில் அது தாங்கியது, ஏனென்றால் அந்த வாசிப்பு அவருடையது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் நீளத்தைத்தான்.

தனியாகவே நின்று நீளமாக வாசித்தும் கட்டிப்போட்டவர் குயீன் குழுவின் பிரையன் மே. 'பிரைட்டன் ராக்' பாட்டின் நடுவில் அவர் எதிரொலிக் கருவிகளை வைத்து ஒரு வேலை செய்வார். தான் வாசித்த துண்டு சற்று நேரம் கழித்து ஒரு ஆம்ப்பிலிருந்தும், இன்னும் சற்றுக் கழித்து மற்றொரு ஆம்ப்பிலிருந்தும் திரும்பி வரும். அது வந்து சேரும் நேரத்துக்கு அதனோடு பொருந்தும் அடுத்த துண்டை அவர் வாசித்திருக்க வேண்டும். ஒருவர் மூன்று பேராகிவிடுவார். அங்கே நமக்குப் பின்தொடர ஒரு விஷயம் இருக்கிறது: திரும்பி வரும் ஓசையோடு இவர் எப்படிச் சேரப் போகிறார்? கொஞ்சம் பிசகினால் மூன்றும் குழம்பிவிடும். பேச்சுத்துணை இல்லாத மேடையில் அவர் தனக்கே ஒரு துணையை உருவாக்கிக்கொண்டார். தனியாகத்தான் வாசிப்பேன் என்கிறவர்கள் இந்த அளவுக்கு யோசித்துவிட்டு வாருங்கள். மகிழ்ச்சியோடு கேட்கிறோம்.

இன்னொரு விஷயத்தை, அரங்கின் பின்பகுதியில் பல முறை நின்றவன் என்ற முறையில், நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் காதுக்குள் மானிட்டர் வைத்துக்கொண்டு வாசிக்கிறீர்கள். ஒவ்வொரு ஸ்வரமும் உங்களுக்குக் கத்தரித்ததுபோலத் தெளிவாக விழுகிறது. பெரிய உள்ளரங்கின் கடைசி வரிசையில் நடப்பது வேறு. அந்தக் கட்டடம் உங்கள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் சில விநாடி வரை பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும். விநாடிக்குப் பத்து ஸ்வரம் வாசித்தால், முதலாவது அடங்கும் முன் இருபது வந்து அதன்மேல் விழுந்துவிடும். எங்களுக்கு வந்து சேர்வது ஒரு இரைச்சல். தவிர ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் திரையில் உங்கள் விரலும் காதில் உங்கள் ஸ்வரமும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விநாடி விலகியிருக்கும். முன்வரிசையில் இருப்பவர் உங்கள் வேகத்தைக் கண்ணால் பார்த்துக் காதால் கேட்டதாக நினைத்துக்கொள்வார். எங்களுக்கு அந்த வசதி இல்லை. 'இந்த சோலோ எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்பவரில் பலர் உண்மையில் அதைக் கேட்கவே இல்லை என்பது என் எண்ணம்.

கடைசி வரிசைக்கும் வந்து சேர்வது எது என்றும் சொல்கிறேன். இழுத்து நிறுத்திய ஒற்றை ஸ்வரம் வரும். இடைவெளி வரும். 1970 ஜனவரி 1 அன்று ஃபில்மோர் ஈஸ்ட்டில் பதிவான 'மெஷின் கன்' பாட்டில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் சோலோவை ஒரே ஒரு நீண்ட ஸ்வரத்தில் தொடங்குவார். அது கத்திக்கொண்டே நிற்கும். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அந்தப் பாட்டை அவர் அங்கே சண்டையிடும் வீரர்களுக்கும், உள்நாட்டு நகரங்களில் நடந்துகொண்டிருந்த மோதல்களில் நிற்பவர்களுக்கும் சேர்த்து அர்ப்பணித்தார். அந்த ஒரு ஸ்வரத்துக்குப் பிறகு அவர் எவ்வளவு நேரம் வாசித்தாலும் நாங்கள் நிற்போம். நீல் யங் 1969-இல் 'சினமன் கேர்ள்' பாட்டின் சோலோவைப் பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டியே முடித்தார். அதே ஆள் அதே ஆல்பத்தில் 9 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டும் வாசித்தார். எதற்கு எவ்வளவு என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

ரெக்கார்டில் உள்ளபடியே வாசியுங்கள் என்று கேட்கும் ரசிகர்களுக்கும் நியாயம் உண்டு. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிங்க் ஃப்ளாய்டின் 'கம்ஃபர்டப்லி நம்ப்' பாட்டின் இரண்டாவது சோலோ பலருக்கு மனப்பாடம். அது அவர்கள் வாழ்க்கையில் ஏதோ ஒரு இரவோடு ஒட்டியிருக்கிறது. அந்த ஸ்வரம் அந்த இடத்தில் வரவில்லையென்றால் அந்த இரவும் வரவில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1979-இல் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் ஸ்டுடியோவில் அந்த சோலோவை ஐந்தாறு முறை வாசித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த துண்டுகளை எடுத்துக் கோத்து அமைத்தார். நாம் மனப்பாடம் செய்தது ஒரே மூச்சில் வாசித்தது அல்ல. மேடையில் அவர் அதன் முதல் சில பிடிகளை அப்படியே தருவார். கேட்டவர்களுக்கு வீட்டு வாசல் தெரிந்துவிடும். அதன்பிறகு ரெக்கார்டில் மங்கி மறையும் இடத்தைத் தாண்டி வெகுதூரம் போவார். 1994-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் பதிவானதைக் கேளுங்கள். ரெக்கார்டு வேண்டும் என்றவரும் புதிது வேண்டும் என்றவரும் ஒன்றாக அழுதார்கள் என்று நான் சொன்னால் நம்புவீர்கள். வாசலைக் காட்டிவிட்டு அழைத்துப் போங்கள். எவ்வளவு தூரமானாலும் வருகிறோம்.

நீளத்தையே நேசிக்கும் ரசிகர்கள் இன்னொரு உலகம். கிரேட்ஃபுல் டெட் குழுவின் 'டார்க் ஸ்டார்' 1968-இல் சிங்கிளாக வந்தபோது 3 நிமிடம்கூட இல்லை. மறு ஆண்டுக் கச்சேரி ஆல்பத்தில் 23 நிமிடம். அந்த ரசிகர்கள் ஒவ்வோர் இரவையும் டேப்பில் பதிந்து, ஒருவருக்கொருவர் அனுப்பி, எந்த இரவு எப்படித் திரும்பியது என்று பல ஆண்டுகளாக ஒப்பிட்டுப் பேசினார்கள். குழுவும் அவர்களைத் துரத்தவில்லை. 1984-இல் பதிவு செய்ய வருகிறவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. ஃபிஷ் குழு 2013 ஜூலை 31 அன்று லேக் டாஹோவில் வாசித்த 'ட்வீஸர்' ஏறத்தாழ 37 நிமிடம். அதன் பின்பகுதியில் குழு சட்டென்று நிறுத்தி நிறுத்தி வாசிக்க, அந்த இடைவெளிகளில் கூட்டம் 'வூ' என்று குரல் கொடுக்கத் தொடங்கியது. குழு அதைக் கேட்டு, அந்தக் குரலுக்கு இடம் விட்டு வாசித்தது. அங்கே ரசிகர்களும் வாசித்தார்கள். எங்களை இப்படிக் கேளுங்கள் என்பதுதான் என் ஆசை.

இதற்குத் தடையாக இன்று வந்திருப்பது உங்கள் விரலும் அல்ல, எங்கள் பொறுமையும் அல்ல. திரையில் ஓடும் படம், விளக்குகள், தீப்பொறி, கூடவே ஒலிக்கும் பதிவு செய்த தடங்கள் என எல்லாமே ஒரே கணினிக் கடிகாரத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. டிரம்மரின் காதில் அந்தக் கடிகாரம் டிக் டிக் என்று ஓடுகிறது. சோலோ 64 பார், அதாவது 64 தாளச் சுற்று, என்றால் 64 பார்தான். 65-ஆவதில் திரை அடுத்த பாட்டுக்கு மாறிவிடும். மேடையேறும் முன்பே அந்த சோலோ முடிந்துவிட்டது. நீங்கள் அதற்கு விரல் அசைக்கிறீர்கள். ஏன் இப்படி என்று எனக்குப் புரிகிறது. இத்தனை பெரிய காட்சியை ஒழுங்காக நடத்த வேறு வழி சுலபமில்லை, நூற்றுக்கணக்கானவர்களின் வேலை அதில் இருக்கிறது, அரங்கை இத்தனை மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. ஆனாலும் எங்கள் கூட்டத்தில் ஒருவர் 'இன்று சோலோ சரியாக இருந்தது, ஆனால் ஏதோ குறைந்தது' என்று சொல்லும்போது அவர் இதைத்தான் சொல்கிறார். அவருக்கு அந்தக் கடிகாரத்தைப் பற்றித் தெரியாது. இது எப்படி வேண்டுமானாலும் போகலாம் என்ற உணர்வு இல்லாமல் போனது மட்டும் தெரியும்.

2004-இல் நியூயார்க்கில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு மரியாதை செய்த மேடையில் பாடகரும் கிட்டார் கலைஞருமான பிரின்ஸ் வாசித்தது 3 நிமிடம் இருக்கும். நீளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைப் பார்க்கும்போது, பக்கத்தில் நிற்கும் ஹாரிசனின் மகன் தானியின் முகத்தைப் பாருங்கள். அடுத்து என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மேடையிலேயே நிற்கும் அவர் ஒரு ரசிகராகிவிட்டார், சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்கள் குழுவினர் உங்கள் சோலோவின்போது அப்படி உங்களைப் பார்க்கிறார்களா? பார்த்தால், எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பின்னால் நின்று அவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டும் அடுத்த பாட்டின் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டும் இருந்தால், எங்கள் பாதிப் பேரும் வெளியேதான் இருப்போம்.

எங்கள் தரப்பிலும் செய்ய வேண்டியது இருக்கிறது. நீங்கள் ஓசையைக் குறைத்து, தந்தியை லேசாகத் தொட்டு வாசிக்கும் இடத்தில்தான் நாங்கள் பேச ஆரம்பிக்கிறோம். அமைதியான இடத்தை இடைவேளை என்று எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் நீங்கள் அமைதிக்குப் பயந்து ஓசையை ஏற்றியபடியே போகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. என் பக்கத்தில் நிற்பவர்களிடம் இதை இனிமேல் சொல்வேன். கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பத்து நிமிடமும் எங்களுக்குப் பின்னால் நிற்பவரின் பார்வையை மறைப்பதையும் நிறுத்தச் சொல்வேன்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். சோலோவுக்குப் பாடகர் இறங்கட்டும். டிரம்மரையும் பேஸ் வாசிப்பவரையும் இறங்க விடாதீர்கள். பாட்டுக்குள்ளிருந்து கிளம்புங்கள், பாட்டுக்குள் வந்து சேருங்கள். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி இடைவெளி விட்டு வாசியுங்கள். அன்று கை ஓடவில்லையென்றால் 2 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். யாரும் குறையாக நினைக்கமாட்டோம். ஓடுகிற நாளில் முடிக்காதீர்கள். ஒரு கச்சேரிக்கு ஒரே ஒரு பாட்டிலாவது அந்தக் கடிகாரத்தை நிறுத்தி வையுங்கள். திரை கறுப்பாக இருக்கட்டும், விளக்கு இயக்குபவர் உங்களைப் பார்த்துக் கையால் இயக்கட்டும். எந்தப் பாட்டு என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். அது வரும்போது எங்களுக்குத் தெரிந்துவிடும். கழிப்பறைப் பக்கம் போய்க்கொண்டிருப்பவர் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்ப்பார். அவருக்கு நான் வழி விடுவேன்.

அன்புடன்,
கூட்டத்துக்கு நடுவில் நிற்கும் உங்கள் ரசிகன்